ஊர் திரும்ப ஒரு காரணம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துக் கேட்டு, நான் அசடு வழிந்து நிற்பதைவிட அது மேல்.

என் அக்காள் மகள் வெளிநாட்டில் படிக்கிறாள். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை. புள்ளியியல் பேப்பரில் தோற்றுவிட்டாள். மறுதேர்வும் கைவிட்டுப் போனால் படிப்பே போச்சு. இதைத் தன் அம்மாவிடம் சொல்லவில்லை. சித்தியான என்னிடம் சொன்னாள். சொன்னதோடு விட்டாளா?

"சித்தி, எனக்கு இங்க இருக்கவே பிடிக்கல. சும்மா திரும்பி வந்தா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. ஊருக்கு வர ஒரே ஒரு காரணம் கெடைச்சா போதும், மூட்டையைக் கட்டிட்டு வந்துடுவேன். அம்மாகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க."

அவள் கேட்ட அந்தக் காரணம் என்னிடம் இருந்தது.

அக்காவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், நாளும் குறித்தாயிற்று. "படிக்கிற புள்ள காதுல இதைப் போடாதே. ஆபரேஷன் முடிஞ்சு நான் எழுந்து உக்காந்தப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்" என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

ஆபரேஷன் அடுத்த செவ்வாய். மறுதேர்வு அதே வாரம் வியாழன். [இப்படியொரு பொருத்தத்தை நானாக எழுதியிருந்தால் எந்தப் பத்திரிகை ஆசிரியரும், "என்னம்மா, காதுல பூ சுத்துறீங்களா?" என்று திருப்பி அனுப்பியிருப்பார். வாழ்க்கைக்கு ஆசிரியர் கிடையாது. அது இஷ்டத்துக்கு எழுதுகிறது.]

ஆக, இரண்டு பேர் ரகசியமும் என் வயிற்றில். சொன்னால் அவள் அன்றைக்கே விமானம் ஏறுவாள், படிப்பு அதோடு சரி. சொல்லாமல் இருந்து, செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு ஏதாவது

[இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை.]

வாயால் சொல்ல முடியாதது வந்து சேர்ந்தால் நான் செய்வது ஒன்றுதான். கதை எழுத உட்கார்ந்தேன்.

2

அதிலும் ஒரு வில்லங்கம். என் கதைகளை முதலில் படிப்பவளே அக்காதான். பாடநூல் அச்சடிக்கும் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியே காலம் தள்ளியவள். அவள் சிவப்புப் பேனா படாமல் என் கதை எதுவும் வாசல் தாண்டியதில்லை. கதை நன்றாக இருக்கிறது, இல்லை என்றெல்லாம் வாய் திறக்க மாட்டாள். "மூணாவது பத்தியில வலது கையில இருந்த பை, அஞ்சாவது பத்தியில இடது கைக்கு எப்ப போச்சு?" என்றுதான் கேட்பாள்.

இப்போது ஆபரேஷனை முன்னிட்டு நான் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். அவளுக்குக் கட்டிலில் பொழுது போகவில்லை. நான் தாளை எடுத்தால் போதும், "என்ன எழுதுற? குடு" என்று கை நீளும். காட்டாவிட்டால் சந்தேகம் வரும். காட்டினால் கையும் களவுமாகப் பிடிபடுவேன்.

அதனால் மகளை மகனாக்கினேன். பொதுச் சுகாதாரத்தைப் பொருளாதாரமாக்கினேன். புள்ளியியலை மட்டும் விட்டுவைத்தேன், அது எந்தப் படிப்பிலும் ஒட்டிக்கொண்டு வருமாம். அந்தத் தைரியத்தில் தொடங்கினேன்.

"விமானம் தரையைத் தொட்டபோது அவன் கண்களில் ஆயிரம் கனவு" [அடித்துவிட்டேன். விமானத்தில் தொடங்கும் வெளிநாட்டுக் கதைகள் போதும், தாங்காது.]

"தனிமை என்பது யாதெனில்" [கதை எழுதச் சொன்னால் மேடையேறிவிட்டேன்.]

"சமையலறையில் ஆளுக்கொரு அலமாரி, அலமாரிக்கு ஒரு பூட்டு." இது பரவாயில்லை. இதிலிருந்து போகலாம்.

3

சமையலறையில் ஆளுக்கொரு அலமாரி, அலமாரிக்கு ஒரு பூட்டு. பையன் மட்டும் பூட்டுவதில்லை. திருடிக்கொண்டு போக அதில் என்ன இருக்கிறது? அரிசி, பருப்பு, ஒரு பிஸ்கட் பாக்கெட். வந்த புதிதில் ஒருநாள் ஊர் ஞாபகத்தில் எண்ணெயை நன்றாகக் காயவைத்துக் கடுகைப் போட்டான். கூரையில் இருந்த புகைமணி அலறியது. மாடி மாடியாக எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கித் தெருவில் நின்றார்கள். ஒருத்தி தலையில் ஷாம்பு நுரையோடு நின்றாள். யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி அன்றைக்கே சிநேகமாகியிருப்பான். எல்லாரும் புன்னகை செய்துவிட்டு மேலே போய்விட்டார்கள். அன்றிலிருந்து தாளிப்பதை விட்டுவிட்டான். வெந்ததில் உப்பைப் போட்டுச் சாப்பிடுகிறான்.

காலையில் வகுப்பு. எதையும் குழுவாகத்தான் செய்ய வேண்டும். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்வார்கள். இவன் தன் வாக்கியத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, திருத்தி, தயாராவதற்குள் வேறு யாராவது அதைச் சொல்லிவிடுவார்கள். முறை வந்ததும், "நானும் அதேதான் நினைச்சேன்" என்பான். வாரா வாரம் அதேதான் நினைத்தான். ஊரில் இவன் வாயை மூட ஆள் வைக்க வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள் அவர் குடும்பக் கதை பூராவும் கறந்துவிடுவான்.

துணி துவைக்கும் அறையில்தான் புள்ளியியல் படிப்பான். இயந்திரம் சுற்றும்வரை ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். இயந்திரம் நின்ற பிறகும் அதே பக்கம்தான் திறந்திருக்கும்.

மதியத்துக்கு மேல் கல்லூரி உணவகத்தில் வேலை. பின்கட்டு அறையில் நின்று, வருகிற தட்டுகளில் மிச்சத்தை வழித்துத் தள்ளி, தட்டுகளைச் சட்டத்தில் செருகி இயந்திரத்துக்குள் விட வேண்டும். கதவைத் திறந்தால் ஆவி அடித்து மூக்குக்கண்ணாடி மங்கிவிடும். கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த சட்டத்தை எடுப்பான். அங்கே யாரும் அவன் கருத்தைக் கேட்பதில்லை. நாள் முழுவதிலும் அவன் நிம்மதியாக இருப்பது அந்த அறையில்தான்.

[இதை அவளே என்னிடம் சொன்னாள், சிரித்துக்கொண்டே. முதுகலை படிக்கப் போன பெண்ணுக்குத் தட்டு கழுவுகிற இடம்தான் நிம்மதி என்றால், அந்தச் சிரிப்பை நான் எப்படி]

இடைவேளையில் ஒரு பிஸ்கட் எடுப்பான். இரண்டாக உடைத்து ஒரு பாதியைத் தின்பான். மறுபாதியைப் பாக்கெட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு வேலைக்குப் போவான்.

4

வேலை முடிந்ததும் வீட்டுக்கு வீடியோவில் பேசுவான். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற இடமாகப் பார்த்து நிற்பான்.

"சாப்பிட்டியாப்பா?"

"ஆச்சும்மா. நீ?"

"ஆச்சு ஆச்சு. படிப்பெல்லாம் எப்படிப் போகுது?"

"சூப்பரா போகுது. உனக்கு உடம்பு?"

"எனக்கென்ன கேடு? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

சாப்பாட்டைத் தவிர மற்றதெல்லாம் பச்சைப் பொய்.

[அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: நிஜத்தில் இந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டிருப்பவள் நான். நின்று பேசினால் அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது. அதனால் நாற்காலியில் உட்காரவைத்து, முகத்துக்குப் பவுடர் போட்டு, மாத்திரைப் பெட்டி கண்ணில் படாமல் பிடிப்பேன். "அம்மா ஏன் எப்பப் பாத்தாலும் உக்காந்தே இருக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். "முட்டி வலிடி" என்றேன். பொய்யில் ஒரு சின்ன நோயைக் கலந்தால் நம்பிவிடுவார்கள். கதை எழுதிப் பழகிய கை, சும்மாவா?]

பையனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்துகொண்டே இருந்தது. இவன் ஏன் வாயைத் திறந்து "எனக்குப் பிடிக்கல" என்று சொல்லித் தொலைக்கக் கூடாது? கோபமாகக்கூட வந்தது. பிறகு யோசித்தேன். நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரலாம், கல்யாணம் வரலாம். பிடிக்கவில்லை என்பது மட்டும் வரக் கூடாது. அது காரணக் கணக்கில் சேராது. யாராவது படுத்தால்தான் திரும்பி வரலாம். பெரியவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. படுத்ததையே சொல்ல மாட்டார்கள், எங்கே பிள்ளை கிளம்பி வந்துவிடுமோ என்று. இரண்டு பக்கமும் பாசத்தால் பூட்டிக்கொண்டு, சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

அடைப்புக்குறிகளை எடுத்துவிட்டு, போன் பேசும் பகுதியையும் நீக்கிவிட்டு, சுத்தமாக ஒரு பிரதி எழுதி அக்காவிடம் கொடுத்தேன்.

5

அக்கா தலையணையில் சாய்ந்து படித்தாள். சிவப்புப் பேனா இரண்டு இடத்தில் இறங்கியது. புகைமணி வந்த இடத்தில் லேசாகச் சிரித்தாள். பிஸ்கட் வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"யாரு இந்தப் பையன்?"

"கற்பனைதான்க்கா."

"பாதி பிஸ்கட்டைத் திரும்ப பாக்கெட்டுல வெக்கிற ஜென்மம் உலகத்துலயே ஒண்ணுதான். அதை நான்தான் பெத்தேன். எவ்வளவு திட்டியிருப்பேன், பாக்கெட் பூரா எறும்பு."

எல்லாவற்றையும் மாற்றியவள் பிஸ்கட்டை விட்டுவிட்டேன். அதைவிடக் கேவலம், அது நானே கற்பனை செய்த அருமையான விவரம் என்று நினைத்து உள்ளுக்குள் என்னை மெச்சிக்கொண்டுவேறு இருந்தேன்.

அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"அவளுக்கு அங்க பிடிக்கலையா?"

"போன கொஞ்ச நாள்லயே."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ மட்டும் அவகிட்ட சொன்னியா?"

கேட்டிருக்கக் கூடாது. அக்கா அழுதாள். டாக்டர் எதற்கும் பதற்றப்படக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அவளைச் சமாதானப்படுத்தப் போன நான் அவளைவிட அதிகமாக அழுதேன். சத்தம் கேட்டு அக்காவின் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன, கதை அவ்வளவு சோகமா?" என்றார். பிறகு தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

தோற்ற பேப்பர், மறுதேர்வு, "ஒரு காரணம் கெடைச்சா போதும்", எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

6

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "முடிவு எழுதிட்டியா?"

மூன்று எழுதி வைத்திருந்தேன். கொடுத்தேன்.

ஒன்று. சித்தி சொல்லிவிடுகிறாள். பையன் பறந்து வருகிறான். அம்மா பிழைத்துக்கொள்கிறாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும், "அம்மாவுக்காகப் படிப்பை விட்டேன்" என்கிறான். அதைக் கேட்கும்போதெல்லாம் அம்மா எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

இரண்டு. சித்தி சொல்லவில்லை. பையன் தேர்வில் தேறுகிறான், அம்மாவும் தேறுகிறாள். விஷயம் தெரிந்த பிறகு சித்தியோடு அவன் பேசுவதில்லை. அம்மாவிடம் "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்கிறான், பதிலை நம்புவதில்லை.

மூன்று. சித்தி சொல்லவில்லை. அம்மா

"இது ஏன் பாதியில நிக்குது?" என்றாள் அக்கா.

"எழுத வரல."

"நான் பொழைக்கலன்னா என்னங்கிறதுதானே? டாக்டரே அதுக்குக் கையெழுத்து வாங்கிட்டாரு, உனக்கென்ன கூச்சம்?"

பிறகு மூன்றையும் மூலைக்கு மூலை சிவப்பில் அடித்தாள். என் கதையில் ஒரு பக்கத்தை முழுதாக அவள் அடித்தது அதுதான் முதல் தடவை.

"மூணுலயும் நீதான் முடிவு பண்ற. அந்தப் புள்ள என்ன ஒப்புக்குச் சப்பாணியா?"

"அப்ப இப்பவே போன் போட்டுச் சொல்லிடலாமா?"

"வேணாம். என் மூஞ்சியைப் பாத்தா அடுத்த நிமிஷம் டிக்கெட் எடுத்துடுவா. எழுதி அனுப்பு. படிச்சு முடிக்கிறதுக்குள்ள அழுகை அடங்கும். அப்புறம் யோசிப்பா."

"இந்தப் பையன் கதையையா?"

"பையனைத் தூக்கிக் குப்பையில போடு. அடிச்சது, திருத்தினது, அடைப்புக்குறி போட்டுப் புலம்பினதுன்னு ஒண்ணு வெச்சிருப்பியே, அதை அனுப்பு."

7

இந்த மாதிரிக் கதைகளில் எழுதுகிறவர்கள் கடைசியில் கையைத் தட்டிக்கொண்டு, முடிவு வாசகர் பொறுப்பு என்று நழுவுவதுண்டு. நானும் நழுவியிருக்கிறேன். வாசகருக்கு அதனால் என்ன நஷ்டம்? புத்தகத்தை மூடிவிட்டுச் சாப்பிடப் போவார். இந்தத் தடவை முடிவு ஒரே ஒரு வாசகரிடம்தான் இருக்கிறது. மற்றவர்கள் இதைப் படிக்கும்போது அந்தச் செவ்வாயும் வியாழனும் போயிருக்கும். என்ன ஆயிற்று என்று நான் எழுத மாட்டேன், யாரும் கேட்க வேண்டாம்.

பாப்பா, அந்த வாசகர் நீதான். உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன், அம்மாவுக்குச் செய்த சத்தியத்தையும் மீறிவிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். வந்தால் அப்பா விமான நிலையத்தில் நிற்பார். வராவிட்டால் செவ்வாய்க்கிழமை முழுக்க ஆஸ்பத்திரியில் நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன், நீ எத்தனை தடவை கூப்பிட்டாலும் எடுப்பேன், பொய் சொல்ல மாட்டேன். எதைச் செய்தாலும் தப்பில்லை என்றும் ஒரு வரி எழுதியிருந்தேன். "அவளுக்கு நீ சொல்லித் தரணுமா?" என்று அக்கா அதை அடித்துவிட்டாள்.

இத்தனை காலத்தில் என் கதைகளில் அவள் பிழை திருத்தியிருக்கிறாளே தவிர, சொந்தமாக ஒரு வரி சேர்த்ததில்லை. இப்போது பேனாவை வாங்கிச் சேர்த்திருக்கிறாள். நான் அதில் கை வைக்கவில்லை.

"கண்ணு, எனக்குப் பயமாத்தான் இருக்கு. நீ பக்கத்துல இருந்தா நல்லாருக்கும்னும் இருக்கு. அது என் ஆசை, அதை நீ சுமக்க வேணாம். அங்க பிடிக்கலன்னா வந்துடு, பிடிக்கலங்கிறதே போதும். அதுக்கு என் நெஞ்சைக் காரணம் சொல்லாதே."