புறங்கை

வயர்மேனின் உடம்பில் மின்சாரம் தங்க ஆரம்பித்தது அவருடைய முப்பத்தோராவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு. அந்த வாரம் செப்புக் கம்பியின் விலை ஏறியிருந்தது. சுவிட்சுகளின் விலை அப்படியே இருந்தது. மூன்று மாடி வீடு ஒன்றுக்கு முழு வயரிங்கையும் நாலு மாதத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரர் கொடுத்ததைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் வீடு வந்து சேர்ந்தார். மனைவி டம்ளரில் தண்ணீர் நீட்டினாள். அவர் விரல் டம்ளரில் பட்டதும் நீலமாக ஒரு பொறி பறந்தது. டம்ளர் தரையில் உருண்டது. மனைவிக்கு முழங்கைவரை மரத்துப்போய்விட்டது. சுவரில் சாய்ந்துகொண்டு, "என்னங்க, வேலைய வீட்டுக்கே கொண்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். எந்தக் கஷ்டத்தையும் முதலில் கேலி செய்துவிட்டு அப்புறம்தான் கவனிப்பாள் அவள்.

அவருடைய அப்பாவும் வயர்மேன்தான். அப்பாவிடமிருந்து அவருக்கு வந்தவை ஒரு டெஸ்டர், ஒரு கட்டிங் பிளேயர், இரண்டு பழக்கங்கள். மெயினை அணைத்துவிட்டதாக வீட்டுக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் நம்பாமல், கம்பியை முதலில் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது ஒரு பழக்கம். உள்ளங்கையால் தொட்டால் விரல்கள் தாமாக மடங்கிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும்; உயிர் போகும்வரை விடாது. புறங்கை பட்டால் கை உதறிக்கொண்டு விலகிவிடும். மற்றது, கூலியை வாயால் சொல்லாமல் இருப்பது. வேலை முடிந்து "எவ்ளோப்பா?" என்று கேட்டால், "பாத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டு ஏணியை மடக்க வேண்டும். கொடுத்ததை அவர்கள் முன்னால் எண்ணக் கூடாது. குறைந்திருந்தால் திரும்பிப் போய்க் கேட்கக் கூடாது. கேட்டு வாங்கினால் அது கூலி இல்லை, யாசகம் என்று அப்பா வைத்திருந்தார். அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டுக்கும் இப்படி ஒரு நிமிர்வு கிடையாது. இதை அந்தக் குடும்பத்தின் பெருமை என்றே சொல்ல வேண்டும். குறை என்று யாரும் எண்ண வேண்டியதில்லை.

ஆனால் குறைந்த கூலி எங்கேயோ போய்ச் சேரத்தானே வேண்டும். அது மின்சாரமாக அவர் உடம்பில் வந்து சேர்ந்தது. மூன்று மாடி வீட்டுக்காரர் கொடுத்தது நியாயமான கூலியில் கால்வாசி. மீதி முக்கால்வாசி அன்று மதியம் அவருடைய இரண்டு கைகளிலும் தங்கியது. அதன் பிறகு ஒவ்வொரு வாடிக்கையாளரும் தன் பங்குக்கு ஏற்றிக்கொண்டே வந்தார். பல் டாக்டர் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதி அடுத்த தடவை என்றார். அது வலது தோளில் ஏறியது. "அரை மணி நேர வேலைதானேப்பா" என்றார் ஒருவர், அந்த அரை மணி நேரத்தைக் கற்க ஆறு வருடம் ஆகியிருந்ததை அறியாமல். "நீ நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று சொன்ன அம்மாள் தன் வீட்டுப் பிள்ளைக்குப் போதாமல் போன சட்டையைக் கொடுத்தாள். "பெட்டியில வந்த புஸ்தகத்தப் பாத்திருந்தா நானே மாட்டியிருப்பேன்" என்றான் ஒரு புது மாப்பிள்ளை. அவன் வீட்டு ஹீட்டர் இடது முழங்காலுக்குப் போனது. இரண்டு வருடத்தில் உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை எங்கே தொட்டாலும் அடித்தது.

வீடு அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. அவர் பலகைக் கட்டிலில் தனியாகப் படுத்தார். வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டார். மனைவி எவர்சில்வர் தட்டுகளையெல்லாம் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, அவருக்கு மட்டும் பீங்கான் தட்டு வாங்கினாள். மகளுக்கு அப்போது நாலு வயது. அப்பாவுக்கும் தனக்கும் நடுவில் இரண்டு முழம் விட வேண்டும் என்பதை எழுத்துக்களுக்கு முன்பே அவள் கற்றுக்கொண்டாள். தினமும் காலையில் டெஸ்டரை எடுத்து வந்து அவர் தோளில் வைத்துப் பார்ப்பாள். உள்ளே சின்ன விளக்கு சிவப்பாக எரியும். "இன்னிக்கும் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விடுவாள்.

அவர் சாப்பிட உட்கார்ந்தால் தலைக்கு மேலிருந்த பல்பு எரிந்தது. எழுந்து போனால் அணைந்தது. இதனால் மீட்டர் ஓடவில்லை. மூன்று மாதம் சுழியமே காட்டியதும், கணக்கெடுக்க வருபவர் திருட்டுக் கொக்கி எதுவும் போட்டிருக்கிறதா என்று மாடிக்கும் வாசலுக்குமாக ஒரு மணி நேரம் தேடினார். தன் வீட்டில் திருட்டைத் தேடுகிறார்கள் என்பதில் வயர்மேனுக்கு முகம் கறுத்துவிட்டது. போகும்போது சமாதானமாக அவர் தோளைத் தட்டப்போன கணக்கெடுப்பவர், அரை மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்துவிட்டு, "பூட்டிய வீடு" என்று எழுதிக்கொண்டு போனார். பதினாறு வருடம் அப்படியே எழுதினார்.

மனைவியின் தம்பியும் எலெக்ட்ரீஷியன்தான். அவன் வாசலில் நின்றே ரேட்டு பேசுகிறவன். அவனுக்கு ஸ்கூட்டர் இருந்தது, உடம்பில் ஒன்றும் இல்லை. அவன் வரும்போதெல்லாம் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு கத்துவான். "மாமா, வாயத் திறந்து ஒரு நம்பர் சொன்னா என்ன கொறைஞ்சு போகும்? வாயில என்ன ஃபியூஸா போயிருக்கு?"

"எங்க வீட்ல அந்தப் பழக்கம் இல்ல மாப்ள."

"எங்க அக்காவ நீங்க தொட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. அது மட்டும் உங்க வீட்டுப் பழக்கமா?"

இதற்கு உள்ளேயிருந்து மனைவிதான் பதில் சொன்னாள். "விடுடா, உங்க மாமா கை நீட்டாத மனுஷன். எங்கிட்டயும் நீட்டறதில்ல, அவ்ளோதான்."

ஆறாவது வருடம் ஒரு தையற்கடையில் மின்விசிறி மாட்டும்போது அவருக்குக் கடுமையான ஜுரம். தையல்காரம்மா "எவ்ளோண்ணா?" என்று கேட்டபோது, காய்ச்சல் மயக்கத்தில் "எண்பது" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் எண்பதை எடுத்துக் கொடுத்தாள். மறுப்பேதும் சொல்லவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் வலது கைச் சுண்டுவிரல் ஜில்லென்று ஆனது. மகள் டெஸ்டரை வைத்துப் பார்த்தாள், விளக்கு எரியவில்லை. விரலை நீட்டித் தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை. "அம்மா, இங்க மட்டும் இல்ல!" என்று கத்தினாள். மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்தச் சுண்டுவிரலைப் பிடித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்த நாற்றம் வந்த பிறகும் அவள் விடவில்லை.

வழி என்னவென்று அன்றே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வீடு வீடாகப் போய், இன்ன வேலைக்கு இவ்வளவு என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். சொன்ன அளவுக்கு உடம்பு காலியாகும். அவர் போகவில்லை. போகாததற்குக் காரணமும் யாருக்கும் சொல்லவில்லை. பதிலுக்கு அந்தச் சுண்டுவிரலை மட்டும் பொக்கிஷம்போலக் காத்தார். பணம் வாங்கும்போது அதை உள்ளே மடக்கிக்கொண்டு நாலு விரலால் வாங்கினார். குறைந்த கூலி முதுகுக்கும் காதுமடலுக்கும் போனது. விரலுக்கு மட்டும் போகவில்லை. மகள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் தெருவைக் கடந்தாள், வளர்ந்தாள், ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் வேலைக்கும் சேர்ந்தாள். மனைவி தினமும் சாயங்காலம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அதைப் பிடித்துக்கொண்டு அன்றைய சமாச்சாரங்களைச் சொன்னாள். பதிமூன்று வருட தாம்பத்தியம் அந்த ஒரு விரலில் நடந்தது.

பத்தொன்பதாவது வருடம் மனைவிக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. இனி நாட்களைத்தான் எண்ண வேண்டும் என்று டாக்டர் மகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதிர்ச்சி எதுவும் கூடாது என்றும் சொன்னார். கட்டிலில் படுத்தபடி மனைவி அவரிடம் கேட்டாள். "எனக்கு மாத்திரை வேணாம், ஒண்ணும் வேணாம். போறதுக்குள்ள ஒரு தடவ, முழுக் கையா வேணும்." இத்தனை வருடத்தில் அவள் அவரிடம் கேட்டது அது ஒன்றுதான்.

மறுநாள் அவர் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மூன்று மாடி வீட்டுக்குக் கிளம்பினார். கைகள் இரண்டும் அந்த வீட்டுக் கணக்கில்தான் இருந்தன. நாற்பத்திரண்டாயிரம். வழியெல்லாம் அந்த எண்ணை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தார். முதலில் பாகற்காயைப் போலக் கசந்தது. கடைத்தெருவைத் தாண்டும்போது பழகிவிட்டது. கேட்டைத் திறந்ததும் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். "வா வா, உனக்கு நூறு வயசு! இப்பதான் உன்னை நினைச்சேன். மோட்டார் ஓடல, மாடிக்குத் தண்ணி ஏறல." முன்னறையில் அவருடைய சம்பந்தி வீட்டார் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேலையை முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று வயர்மேன் நினைத்தார். கம்பியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். கெட்டுப்போன கண்டென்சரை மாற்றினார். நாற்பது நிமிடத்தில் மோட்டார் ஓடியது. கை கழுவிக்கொண்டு முன்னறைக்கு வந்து நின்றார்.

"எவ்ளோப்பா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நாற்பத்திரண்டாயிரம் தொண்டைவரை வந்தது. அங்கே அவருடைய அப்பா வழியை மறித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பாத்துக் குடுங்க, சார்."

வீட்டுக்காரர் ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். பிறகு, சம்பந்திகள் பார்க்கிறார்களே என்று, மூலையில் கிடந்த இறக்கையில்லாத பழைய ஸ்டாண்டு ஃபேனையும் தூக்கி, "இதையும் எடுத்துக்கோ, உன் வீட்டுக்கு ஆகும்" என்றார். கனமான ஃபேன். அதை நாலு விரலால் வாங்க முடியாது. இரண்டு கையாலும், பத்து விரலாலும் வாங்கினார். வாங்கிய கணத்தில் சுண்டுவிரல் சுரீரென்றது.

மாலை நாலு மணிக்கு அவர் வீட்டுக்குள் நுழைந்தார். மகள் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். மனைவி ஃபேனைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். "இதுக்கா இஸ்திரி போட்ட சட்ட?" வழக்கம்போலச் சுண்டுவிரலுக்காகக் கையை நீட்டினாள். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அதுவும் போச்சா?"

அவர் தலையை ஆட்டினார். "வேணாம்மா, தொடாத."

"இத்தன வருஷமும் புறங்கையாலயே குடும்பம் நடத்தியாச்சு," என்றாள். "கிட்ட வாங்க."

அவர் போனார், போயிருக்கக் கூடாதுதான். அவள் முழு உள்ளங்கையையும் விரித்து அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். இருபத்தைந்து வருடம் வயர்மேன் மனைவியாக இருந்தவளுக்கு, எந்தப் பக்கம் விடும், எந்தப் பக்கம் விடாது என்று தெரியாமல் இல்லை. விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொண்டன. கட்டிலுக்கு மேலிருந்த பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்தது. தெருவிளக்குகள் பகலில் எரிந்தன. பல் டாக்டர் வீட்டிலும் புது மாப்பிள்ளை வீட்டிலும் அணைத்து வைத்த விளக்குகள் எரிந்தன. இறக்கையில்லாத ஃபேன் சுற்றியது. ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரம். பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அவரே பிரித்தார். அப்போது அவர் கை வெறும் கையாக இருந்தது. இதயம் நின்றதால் மரணம் என்று டாக்டர் எழுதினார், எழுதியதில் தவறில்லை.

மறுநாள் காலையில் மகள் பழக்கதோஷத்தில் டெஸ்டரை அவர் தோளில் வைத்தாள். விளக்கு எரியவில்லை. முழங்காலில் வைத்தாள், முதுகில் வைத்தாள், எங்கும் இல்லை. டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். அப்பாவை எங்கே எப்படித் தொடுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் சுண்டுவிரலையே பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் மூன்று மாடி வீட்டு மோட்டார் மறுபடி நின்றது. கூப்பிட்டனுப்பினார்கள். வயர்மேன் போனார், கேட்டுக்கு உள்ளே போகவில்லை. செருப்பைக் கழற்றாமல், வெளியே நின்றபடி, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும் குரலில் சொன்னார்: "பழைய வயரிங் பாக்கி நாற்பத்திரண்டாயிரம். இன்னிக்கு மோட்டாருக்கு அறுநூறு." "என்னப்பா, திடீர்னு?" என்றார் வீட்டுக்காரர். வயர்மேன் அதையே இன்னொரு தடவை சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். வீட்டுக்காரர் கொடுத்தாரா என்றால், கொடுக்கவில்லை. மனைவியின் தம்பி தொழில்காரர்கள் எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லிவைத்துவிட்டதால், அந்த வீட்டில் ஏழு மாதம் மூன்று மாடிக்கும் குடத்தில்தான் தண்ணீர் ஏறியது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் கூலியை வாசலிலேயே சொல்லிவிடுவது வழக்கம். சொன்னதில் ஒரு காசு குறைப்பதில்லை. அந்தக் குடும்பத்தின் பெருமை இப்போது இதுதான்.

மீட்டர் ஓடத் தொடங்கியது. முதல் மாதம் பதினொரு யூனிட். கணக்கெடுப்பவர் பதினாறு வருடத்தில் முதல் முறையாக ஒரு எண்ணை எழுதிக்கொண்டு, வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கட்டிலுக்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது. வெள்ளையடிப்பதற்காக அதன் வயரைக் கழற்றி ஒரு மாதம் ஆகியிருந்தது, ஹோல்டரும் இல்லை.

"அது?" என்று கேட்டார்.

"அது அம்மாவோடது," என்றாள் மகள்.

அவர் தலையாட்டிவிட்டு, பதினொன்று என்று எழுதியதை அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.