ஆறு மாதுளை முத்து

பெண் பார்க்க வருகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு வரக்கூடாதா? பதினொன்றுக்கு வருவதாகச் சொன்ன சின்னாளப்பட்டிக்காரர்கள், பத்தேகாலுக்கே செம்பட்டியில் நல்லுசாமி வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டார்கள். பெண்ணோ தலைகூடப் பின்னாமல், கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து கிரேக்கத்தில் இருந்தாள்.

தமிழ்மதிக்கு இந்தக் கிறுக்குப் பிடித்து இரண்டு வருடம் ஆகிறது. திண்டுக்கல்லில் மருந்துக்கடை வேலை. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் புத்தகம். பழைய கிரேக்கக் கதைகளை இந்தக் காலத்து ஆட்கள் புதிதாக எழுதுகிறார்களே, அதுதான் அவளுக்கு வேண்டும். தலையெல்லாம் பாம்பாகிப்போனவளின் நியாயம், புருஷன் வருவான் என்று இருபது வருடம் காத்துக்கிடந்தவளின் எரிச்சல் என்று படித்துக்கொண்டே வந்து, செம்பட்டியில் இறங்க மறந்து வத்தலக்குண்டு வரை போய்த் திரும்பிய நாட்கள் நிறைய. எல்லாவற்றிலும் உயிர், பெர்செஃபனி கதை. அந்த ஒரு கதையை நான்கு பேர் நான்கு விதமாக எழுதியதைப் படித்துவிட்டாள். ஐந்தாவது இப்போது மடியில். கொறிக்க, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய மாதுளை முத்து ஒரு கிண்ணம். மாதுளை இல்லாமல் அந்தக் கதை அவளுக்கு இறங்காது.

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் புத்தகத்தையும் கிண்ணத்தையும் ஜன்னல் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டு உள்ளே ஓடினாள்.

மாப்பிள்ளை பிரபு விதைக்கடை வைத்திருப்பவன். கூட வந்தவர்கள் அவன் அப்பாவும் அத்தை கருப்பம்மாளும். தாயில்லாத பிள்ளையை வளர்த்தவர் அத்தை. அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. வழக்கமும் கறார். பேச்சு முடியும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபி குடிக்கலாம். உப்புப் போட்ட பண்டம் நாக்கில் பட்டுவிட்டால் மட்டும் சம்பந்தம் முடிந்ததாக அர்த்தம். ஆகவே சுடச்சுட வந்த உளுந்தவடை தட்டிலேயே ஆறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பாவம்.

"பிள்ளைக ரெண்டும் செத்த நேரம் பேசட்டும்" என்றார் பெண்ணின் அப்பா நல்லுசாமி. இருவரும் கிணற்றடிக்குப் போனார்கள்.

"பொழுதுபோக்கு என்னங்க?" என்று பிரபு கேட்டான். சமையல் என்று சொல்லச் சொல்லி அம்மா மூன்று முறை ஒப்பிக்க வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"கிரேக்கக் கதைங்க படிப்பேன்."

"அப்படியா? ஒண்ணு சொல்லுங்களேன்."

கேட்டானே! இனி அவளை யார் நிறுத்துவது? பூப்பறிக்கப் போன பொண்ணு, பூமியைப் பிளந்துக்கிட்டு வந்து தூக்கிட்டுப் போன பாதாள ராஜா, மகளைக் காணாமல் உலகத்து விளைச்சலையே நிறுத்திப்போட்ட ஆத்தாக்காரி என்று பெர்செஃபனி கதையை மூச்சுவிடாமல் சொன்னாள்.

"பாதாள ராஜான்னா நம்ம எமனா?"

"எமன்தாங்க. ஆனா புதுசா எழுதுறவங்க எல்லாரும் அவனை அம்புட்டு அழகா எழுதுறாங்க. எருமையெல்லாம் கிடையாது. கருப்புக் குதிரை."

பிரபு வாய்விட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள். கூடத்திலிருந்து கருப்பம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"கடைசியில ஆத்தாகிட்டயே விட்டுரலாம்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஆனா அந்தப் பொண்ணு அதுக்குள்ள அங்கன ஆறு மாதுளை முத்தைத் தின்னுருச்சு..."

"அடடா!" பிரபு தலையில் கைவைத்துக்கொண்டான். "கை நனைச்சிருச்சா!"

தமிழ்மதி பேச்சை நிறுத்திவிட்டாள். நான்கு புத்தகக்காரர்களில் ஒருவர் அது பசி என்றார், ஒருவர் சூழ்ச்சி என்றார், ஒருவர் காதல் என்றார், ஒருவர் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுத் தெரியாது என்றார். இந்த விதைக்கடைக்காரன் இரண்டே சொல்லில் முடித்துவிட்டான். இவன் வேண்டும். இவனேதான் வேண்டும். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அதேதாங்க! அதனால ஆறு மாசம் அங்கன, ஆறு மாசம் ஆத்தா வீட்டுல. நான்கூட உப்பு மிளகாப்பொடி போட்டு மாதுளையத் தின்னுக்கிட்டேதான் அதைப் படிப்பேன். நீங்க வந்ததும் ஜன்னல்ல ஒளிச்சு வச்சிட்டேன்."

கூடத்துக்குத் திரும்பினால் அத்தை எழுந்து நின்றுகொண்டிருந்தார். அதற்குள் நல்லுசாமி மகளின் படிப்புப் பெருமையை அளந்து வைத்திருந்தார். "பொஸ்தகமும் கையுமா வத்தலக்குண்டு வரைக்கும் போயிட்டு வர்ற பொண்ணாம்ல. இப்ப இம்புட்டுச் சிரிப்பு வேற" என்று தம்பியிடம் முணுமுணுத்துவிட்டு, நல்லுசாமியைப் பார்த்து, "சரிண்ணே. ஊருக்குப் போயிச் சொல்லியனுப்புறோம்" என்றார்.

சொல்லியனுப்புவது என்றால் என்ன என்று யாருக்குத்தான் தெரியாது? தமிழ்மதிக்கும் தெரியும், வேண்டாம் என்று அர்த்தம்.

பிரபு மட்டும் வாசலுக்குப் போகவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய்த் திரையை விலக்கிக் கிண்ணத்தை எடுத்தான். ஒன்று. இரண்டு. மூன்று. விதை எண்ணிப் பழகிய விரல், ஆறில் நின்றது.

"ஏலே, என்னத்தலே திங்கிற?"

"மாதுளை, அத்தை."

"பழத்துக்குக் குத்தமில்ல. வா, போவோம்."

"உப்புப் போட்டிருக்கு அத்தை."

நல்லுசாமி மேல்துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பழத்துல ஏதுலே உப்பு? யாருகிட்ட கதை விடுற?" என்று கருப்பம்மாள் கிண்ணத்தைப் பிடுங்கி, பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கிற வேகத்தில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். மென்றார். முகம் மாறியது. சந்தேகம் தீரவில்லை போலிருக்கிறது, இன்னொரு பிடி.

"உப்புத் தூக்கலாத்தான் இருக்கு" என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் செய்தது உறைத்தது. மெல்லுகிற வாய் அப்படியே நின்றது.

"அக்கா, நீயே கை நனைச்சிட்டயேக்கா!" என்று கத்திய பிரபுவின் அப்பா, கத்தி முடிப்பதற்குள் ஒரு வடையைப் பாதி விழுங்கியிருந்தார்.

கருப்பம்மாள் மருமகனை முறைத்துப் பார்த்தார். பிறகு தமிழ்மதியைப் பார்த்தார். மிளகாய்ப்பொடியோ என்னவோ, கண்ணில் தண்ணீர் வர, "களவாணிப் பயலே" என்று சொல்லிவிட்டு அவரும் சிரித்துவிட்டார்.

அம்மா இலை போட ஓடினாள். அந்தச் சந்தடியில் பிரபு தமிழ்மதியின் பக்கம் வந்து நின்றான். "நான் ஆறுதான் தின்னேன். ஆறு மாசம் செம்பட்டி. ஆனா அத்தை தின்ன கணக்குக்கு, அவுக ஆயுசுக்கும் உங்க வீட்டுலதான் இருக்கணும் போலயே?"

தமிழ்மதி பதில் சொல்லுமுன் கூடத்திலிருந்து குரல் வந்தது. "ஏத்தா தமிழ்மதி, இன்னும் ரெண்டு பழம் இருந்தா உரிச்சுக் கொண்டா. அப்பிடியே அது என்ன பொஸ்தகம்னு சொல்லு, கேப்போம்."