உலகின் கடைசி பீச் பழம்

மனிதகுலத்தின் மனசாட்சியை உலுக்கப்போகும் படம் இது என்று இயக்குநர் பிராண்ட் முதல் நாளே அறிவித்தார். கதைப்படி, 2030இல் நியூயார்க்கில் நாலு கோடிப் பேர் பசியில் நெரிபடுகிறார்கள். அந்த நாலு கோடிக்கு ஸ்டூடியோ தந்தது அறுபது துணை நடிகர்களை. கேமராவைக் கடந்ததும் பின்பக்கமாக ஓடிவந்து, உடைப்பிரிவில் என்னிடம் வேறு தொப்பி வாங்கி மாட்டிக்கொண்டு மறுபடியும் கடப்பார்கள்.

அன்று, துப்பறியும் அதிகாரியாக நடிக்கும் கார்த் லிண்ட்குவிஸ்ட் உலகின் கடைசி பீச் பழத்தைக் கடித்துக் கண்ணீர் விடவேண்டும். பட்டினி உலகத்து நாயகனுக்குத் தொப்பை ஆகாது என்பதால், ஒப்பந்தப்படி இரண்டு மாதமாக அவருக்கு மதியம் அவித்த முட்டையும் கீரையும்தான்.

அரங்கப் பொருள்களைக் கவனிக்கும் வெண்டல் சந்தையில் இரண்டு பழம் வாங்கியிருந்தார். ஒன்று கடிக்க. மற்றது தட்டில் சும்மா இருக்க. அதில் யாரும் வாய் வைக்காமலிருக்க மண்ணெண்ணெய் தெளிப்பது எங்கள் தொழில் வழக்கம். சாப்பாட்டு இடைவேளை முடிந்து பார்த்தால் ஒன்றுதான் இருந்தது.

முப்பது வருடம் பெயின்ட் அடித்ததில் வெண்டலுக்கு மோப்பமே போய்விட்டது. முகம் வெளுத்து என்னிடம் ஓடிவந்தார்.

"எது போச்சுன்னு தெரியலையே நெட்டா. எண்ணெய் அடிச்சதைத் தின்னிருந்தா, எவன் எங்க சுருண்டு கிடக்கானோ."

தின்றவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கார்த், நீளக் கோட்டோடு வந்து விசாரணையைக் கையில் எடுத்தார். மிச்சப் பழத்தைச் 'சான்று' என்று காகிதப் பையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அறுபது பேரையும் வரிசையில் நிறுத்தி நாக்கை நீட்டச் சொன்னார். டாக்டரைக் கூப்பிடலாம் என்று வெண்டல் கெஞ்சியதற்கு, விசாரணை முடியட்டும் என்றார்.

"பத்து படத்துல போலீஸா நடிச்சா இப்படித்தான் முத்திப்போகும்" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி, நீட்டிய நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அதை இப்படிக் குடுங்க சார்" என்று பையைப் பிடுங்கி முகர்ந்தேன். குப்பென்று அடித்தது.

"எண்ணெய் இதுலதான் இருக்கு வெண்டல். போனது நல்ல பழம்."

வெண்டல், படத்துக்காக அட்டையில் செய்த குப்பைமேட்டின்மேல் அப்படியே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எந்தப் பாவியோ, நல்லாயிருக்கட்டும்."

வழக்கு இன்னும் முடியவில்லை என்று கார்த் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

சாயங்காலம் துவைக்கப்போடுவதற்காக அவர் கோட்டுப் பைகளைக் காலி செய்தேன். வலது பையில் பீச் கொட்டை இருந்தது.