எக்ஸ் இரண்டை நெருங்கியபோது

குப்புராஜுக்கு அன்று ஒரே கவலைதான்: பாஞ்சாலி கிடைப்பாளா, மாட்டாளா? மாரண்டஹள்ளிச் சந்தையில் அவளைப் பார்த்த நாளிலிருந்து, பட்டணத்தில் படித்த கணக்கு பி.ஏ.வில் பாதி மண்டையிலிருந்து ஆவியாகிவிட்டது.

பெண்ணின் அப்பா தர்மனுக்குச் சம்மதம். தாய்மாமன் ராஜப்பன்தான் முட்டுக்கட்டை. அவர் மீசை மாரண்டஹள்ளியில் தொடங்கினால் ஓசூரில்தான் முடியும். இன்டர்மீடியட் கணக்கில் தோற்றுத் தோற்றுத் தழும்பேறியவர். படித்தவனைக் கண்டால் ஆகாது.

யுத்தகாலம், அரிசி இல்லை. பெண் கேட்டு வந்தவன் முன் போட்ட இலையில் மலைபோலக் களி, நடுவில் குழி, குழி நிறைய அவரைக்கொட்டைக் குழம்பு. ஆனால் பேச்சு முடியுமுன் பெண் வீட்டில் மாப்பிள்ளை கை நனைக்கக் கூடாது. நனைத்தால் சம்பந்தம் உறுதி. பிறகு யாராலும் மாற்ற முடியாது.

"ஒன்னுக்குக் கீழ எக்ஸ் மைனஸ் ரெண்டு. எக்ஸ் ரெண்டுகிட்டப் போனா என்னாவும்? சொல்லுங்க பி.ஏ.," என்றார் ராஜப்பன்.

குப்புராஜ் கரித்துண்டால் தரையில் எழுதினான்:

lim (x→2+0) 1/(x−2) = +∞
lim (x→2−0) 1/(x−2) = −∞

ராஜப்பன் சிரித்த சிரிப்பில் ஓடுகள் இடம் மாறின. "ரெண்டோட சைபரக் கூட்டினாலும் ரெண்டு, கழிச்சாலும் ரெண்டு. ஒரே எடத்துக்கு ஆகாசமும் பாதாளமுமா? மச்சான், இவனுக்கா பொண்ணு?"

"அது எடம் இல்லீங்க, வர்ற தெசை. மேல இருந்து எறங்கினா, ரெண்டே கால்ல விடை நாலு, ரெண்டே அரைக்கால்ல எட்டு, கிட்ட வர வரக் கூரையப் பிச்சுக்கிட்டுப் போவும். கீழ இருந்து ஏறி வந்தா அதே கணக்கு மைனஸ்ல, கெணறு தோண்டிக்கிட்டே போவும்."

"செரிங்க, ரெண்டையே தொட்டா?" என்றார் தர்மன்.

"தொடவே முடியாதுங்க. அங்க விடையே கெடையாது. நெட்டுக்குத்தா ஒரு கோடு நிக்கும், வளைவு பக்கத்துலயே போவும், ஒட்டாது. இந்தக் குழம்பு ரெண்டுன்னு வெச்சுக்குங்க, என் வெரல் எக்ஸ்..."

விரல் சாண் தூரத்துக்கு வந்தது. அரைச் சாணுக்கு வந்தது. குழம்பு வாசனை அதியமான்கோட்டை வரை ஆளை இழுத்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து பட்டினி வேறு. விரல் முழுசாக மூழ்கியது.

"கை நனைச்சுட்டாரு!" என்று துள்ளினார் தர்மன்.

"வழுக்கிடுச்சு, செல்லாது!" என்று கத்தினார் ராஜப்பன்.

"அட போப்பா, நனைஞ்சது நனைஞ்சதுதான்."

கதவுக்குப் பின்னாலிருந்து பாஞ்சாலி கேட்டாள்: "தொடவே முடியாதுன்னாரே?"

குப்புராஜ் விரலை நக்கினான். உப்பு கொஞ்சம் தூக்கல். அதைச் சொல்ல அவனுக்கென்ன பைத்தியமா?