மேலவையில் இன்னும் செவ்வாய்க்கிழமை

பதினாறு வருஷம் ஆலங்கட்டி மழைக் காப்பீட்டுக் கம்பெனியில் குப்பை கொட்டியவள் நான். எந்த ஊரில் எந்தத் தேதியில் கல் விழுந்தது, யாருடைய சோளம் படுத்தது என்று அட்டவணை போட்டு வைப்பதுதான் வேலை. தேதி ஒரு நாள் பிசகினாலும் விவசாயி சண்டைக்கு வந்து நிற்பான். அதனால் தேதி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு. அந்தக் கிறுக்கை மெச்சித்தான் ஜோலீன் ட்வோராக் என்கிற என்னை மாநிலச் சட்டசபையின் தகவல் பிரிவில் வேலைக்கு எடுத்தார்கள். சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் பதினொரு மசோதாக்களைக் கொன்றுவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. திருத்துகிறேன் பேர்வழி என்று கிளம்பியதில் வந்த வினை.

எந்த மசோதாவை யார் கொண்டுவந்தார், எந்தக் குழுவில் இருக்கிறது, எப்போது வாக்கெடுப்பு நடந்தது என்பதெல்லாம் எங்கள் அட்டவணையில்தான் இருக்கும். ஜனங்கள் இணையதளத்தில் பார்ப்பது அதைத்தான். ஒரு மசோதாவைப் பின்தொடர விரும்புகிறவர்கள் பெயர் கொடுத்து வைத்தால், அது நகரும்போதெல்லாம் அவர்களுக்கு மெயில் போகும். நகராமல் நின்றுபோனாலும் போகும்.

அன்று காலை எட்டு மணிக்கு அட்டவணையில் போன வாரத்து மேலவை வரிகளைத் திறந்து பார்த்தேன். செவ்வாய், செவ்வாய், செவ்வாய் என்று அறுபத்து மூன்று வரிகளிலும் ஒரே தேதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வியாழக்கிழமை மதியம் கேன்டீனில் சில்லி என்கிற பீன்ஸ் குழம்பும் சினமன் ரோலும் சாப்பிட்டுக்கொண்டே நான் என் கண்ணால் திரையில் பார்த்த வாக்கெடுப்புக்கும் செவ்வாய் என்றே போட்டிருந்தது. எவனோ ஒரு சோம்பேறி முதல் தேதியை அப்படியே கீழே வரைக்கும் இழுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். கேட்டுக்கொள்ளலாம் என்றால் எங்கள் பிரிவுத் தலைவர் டெல்பர்ட் க்விஸ்ட் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தார். சரி, நம் கை என்ன பூப்பறிக்கிறதா என்று, ஒளிப்பதிவுகளை ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு வரியிலும் நிஜத் தேதியைப் போட்டேன். முடித்தபோது பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டு காபி எடுக்கப் போனேன்.

திரும்பி வருவதற்குள் முதல் போன் அடித்துக்கொண்டிருந்தது.

பேசியது வெர்னா ஹ்ரூஸ்கா என்ற பெண்மணி. வயது அறுபத்து நாலு, மேற்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாராம். மசோதா 218 காலாவதியாகிவிட்டது என்று எங்களிடமிருந்து மெயில் வந்திருப்பதாகச் சொன்னார். எண்ணைத் தட்டிப் பார்த்தேன். குழந்தையாய் இருக்கும்போது தத்துப் போனவர்கள், தங்கள் அசல் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்க வழி செய்யும் மசோதா அது. அதில்தான் பெற்றவளின் பெயர் இருக்கும். எங்கள் மாநிலத்தில் அதற்கு முத்திரை வைத்துப் பூட்டிவிடுவார்கள், சம்பந்தப்பட்டவரே போய் நின்றாலும் காட்டமாட்டார்கள். வெர்னா பிறந்து ஒன்பதாம் நாள் தத்துப் போனவர். பதினோரு வருஷமாக ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் குழுவின் முன்னால் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். மேலவையைத் தாண்டியது இதுதான் முதல் தடவையாம்.

"தாண்டிடுச்சுன்னு வியாழக்கிழமை மெயில் போட்டீங்க. இப்பச் செத்துப்போச்சுங்கறீங்க. எதும்மா நெசம்?" என்றார்.

மேலவையின் நாற்பதாம் நாளுக்குள் நிறைவேறாத மசோதா காலாவதி என்பது விதி. நாற்பதாம் நாள் போன செவ்வாய். 218 நிறைவேறியது வியாழன். கணினி மணிக்கு ஒரு தடவை தானாகவே சரிபார்க்கும். பத்து மணிக்குப் பார்த்திருக்கிறது, கதையை முடித்திருக்கிறது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. கெடு தாண்டிவிட்டது, வருத்தமாக இருக்கிறது என்று சொன்னேன்.

"நிச்சயமா?"

நிச்சயம் என்றேன்.

"நல்லாப் பாத்துட்டீங்களா? நிச்சயந்தானே?" என்று மறுபடியும் கேட்டார். பார்த்துவிட்டேன் என்றேன். மூச்சை இழுத்து விடும் சத்தம் கேட்டது. அப்புறம் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பாவம், எவ்வளவு நொந்துபோயிருப்பார் என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

மனசு கேட்காததால்தான் ஒன்று உறைத்தது. செவ்வாயோடு கெடு முடிந்தது என்றால், வியாழக்கிழமை உறுப்பினர்கள் உட்கார்ந்து எதற்காக வாக்களித்தார்கள்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எழுந்து மேலவைக் குறிப்பு எழுத்தரின் அறைக்கு ஓடினேன்.

டோபையஸ் ஃபெர்ச்சுக்கு இருபத்தொன்பது வயசு இருக்கும். கழுத்தில் பட்டாம்பூச்சி டை. அவையில் நடப்பதையெல்லாம் குறித்து வைப்பது அவன் வேலை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னதும், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"இன்னைக்கு என்ன கிழமை, ஜோலீன்?"

"திங்கள்."

"ஊருக்குத் திங்கள். மேலவையில இன்னும் செவ்வாய்க்கிழமைதான்."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். விளையாடவில்லை. தலைவர் சுத்தியலைத் தட்டி "அவை ஒத்திவைக்கப்படுகிறது" என்று சொன்னால்தான் அவைக்கு ஒரு நாள் முடியுமாம். "இடைவேளை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால், திரும்பி எப்போது வந்து உட்கார்ந்தாலும் அதே நாள்தானாம். நாற்பதாம் நாளில் வேலை முடியவில்லை. அதனால் ஆறு நாளாக இடைவேளை விட்டுவிட்டு அந்தச் செவ்வாயையே நீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"இதை எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு எழுதணும்? எல்லாருக்கும் தெரியுமே" என்றான்.

அந்த எல்லாரையும் ஒரு அறை விடலாம் போலிருந்தது. என்னையும் சேர்த்துத்தான். மூன்று வாரம்கூட ஆகாத முந்திரிக்கொட்டை, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

அப்புறம் அவன் இன்னொன்றும் சொன்னான். மூன்று மணிக்குத் தலைவர் நிஜமாகவே ஒத்திவைக்கப் போகிறார். அதற்குள் நிறைவேறிய மசோதாக்களை எல்லாம் கீழவைக்கு எடுத்துப் போய்க் கொடுத்துவிட வேண்டும். எதையெல்லாம் கொடுப்பது என்ற பட்டியல் இரண்டரை மணிக்கு அச்சாகும். அச்சாவது எங்கள் அட்டவணையிலிருந்து. அங்கே காலாவதி என்று இருப்பது பட்டியலில் வராது. பட்டியலில் வராதது கதவைத் தாண்டாது. சுத்தியல் விழுந்துவிட்டால் அடுத்த வருஷம்தான்.

"பதினொண்ணு செத்திருக்கு" என்றேன்.

டோபையஸ் தன் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினான்.

பழைய பிரதியை மீட்கலாம் என்றால் கடவுச்சொல் டெல்பர்ட்டிடம். டெல்பர்ட் வாயைத் திறந்துகொண்டு மயக்கத்தில். கையால்தான் மாற்ற வேண்டும். அறுபத்து மூன்று வரியையும் செவ்வாயாக்கத் தொடங்கினேன். அவன் குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் போட்டுக்கொண்டே வந்தேன். வந்த வேகத்தில், பக்கத்திலிருந்த குழுக் கூட்டங்களையும் செவ்வாய் ஆக்கிவிட்டேன். அவன் என் கையைப் பிடிக்காத குறை.

"ஐயோ, அதத் தொடாதீங்க. குழுவெல்லாம் ஊர் நாள்படிதான்."

"இப்பத்தானே செவ்வாய்னு சொன்ன?"

"அவை செவ்வாய். குழு புதன், வியாழன், வெள்ளி."

"அதே ஆளுங்கதானே ரெண்டு எடத்துலயும் உக்காந்திருக்காங்க?"

"ஆமா."

"அப்ப அந்த ஆளுங்களுக்கு என்ன கிழமை?"

அதைப் பற்றி யோசித்ததில்லை என்று ஒப்புக்கொண்டான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது எனக்கு. ஆலங்கட்டி எவ்வளவோ மேல், விழுந்த அன்றைக்குத்தான் விழும்.

ஒரு மணிக்குத் தேதிகள் சரியாகின. இரண்டு மணிக்குக் கணினி மறுபடியும் ஓடியது. பதினொன்றும் செத்தபடியே கிடந்தன. செத்ததைக் கணினி தானாக எழுப்பாதாம்; அவைச் செயலரின் கையெழுத்திட்ட சீட்டு வேண்டுமாம். டோபையஸ் இறங்கி ஓடினான். நான் திரையில் இருந்த 218-ஐப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாளிடம் நிச்சயம், நிச்சயம் என்று இரண்டு தடவை சொன்னது காதிலேயே நின்றது. அழுகை வந்தது, அழ நேரமில்லை.

இரண்டு இருபதுக்குச் சீட்டு வந்தது. செயலரின் கையெழுத்துக்குக் கீழே போன செவ்வாய்க்கிழமைத் தேதி இருந்தது.

"தப்பு பண்ணது இன்னைக்குக் காலையில. திருத்தச் சொல்லி ஆறு நாளைக்கு முன்னாடியே சீட்டு வந்துடுச்சு" என்றேன்.

"போடுங்க ஜோலீன், அப்புறம் யோசிக்கலாம்" என்றான்.

போட்டேன். இரண்டரைக்குப் பட்டியல் அச்சானபோது பதினொன்றும் அதில் இருந்தன. மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில், மேலவையின் தூதுவர் மசோதாக்கள் அடங்கிய நீலக் கோப்புகளோடு கீழவை வாசலில் நின்று குனிந்து வணக்கம் வைப்பதைத் திரையில் பார்த்தோம். கோப்புகளை வாங்கிக்கொண்டார்கள். டோபையஸ் டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். அந்த நேரம் பார்த்து டெல்பர்ட் உப்பின கன்னத்தோடு உள்ளே வந்து, பேச முடியாமல், எல்லாம் நல்லபடி நடந்ததா என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். நடந்தது என்று சொல்லிவிட்டேன். மற்றதை அவர் வாய் திறந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

பெயர் கொடுத்து வைத்திருந்த எல்லோருக்கும் கணினியே திருத்த மெயில் அனுப்பிவிட்டது. வெர்னாவுக்கு மட்டும் நானே வாயால் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இரண்டு தடவை நிச்சயம் என்று சொன்ன வாய் அல்லவா? மூன்று இருபதுக்குக் கூப்பிட்டேன். பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தார். பின்னால் என்ஜின் சத்தம் கேட்டது. மசோதா உயிரோடுதான் இருக்கிறது, கீழவைக்குப் போயாயிற்று, தப்பு முழுக்க என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். சந்தோஷத்தில் கத்துவார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தேன்.

சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"இருக்கேம்மா" என்றார். "நீங்க காலையில நிச்சயம்னு சொன்னீங்கல்ல? போன வெச்சதும் அழப்போறேன்னுதான் நெனச்சேன். அழுகை வரல. அப்பாடான்னு இருந்துச்சு. எனக்கே வெக்கமாப் போச்சு."

என்ஜினை அணைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"பதினோரு வருஷமா குடு, குடுன்னு கேட்டேன். குடுக்கமாட்டாங்கங்கற தைரியத்துலதான் கேட்டிருக்கேன் போல. பேரு கையில வந்துட்டா, அவங்க உசுரோட வேற இருந்துட்டா, நான் போய்க் கதவத் தட்டணும்ல? தெறக்கலைன்னா?"

"அப்ப உங்களுக்கு வேணாமா?" என்று முட்டாள்போலக் கேட்டேன்.

"வேணும். வேணாம்னு எங்க சொன்னேன்?" அவர் குரல் உடைந்தது. "வேணும்மா."

அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்த மெயில் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். மெயிலைத் திறக்கும்போது தான் எதற்கு வேண்டிக்கொள்கிறோம் என்று தனக்கே தெரியவில்லையாம். "நல்லதோ கெட்டதோ, நீங்களே கூப்பிட்டுச் சொல்லிடுங்க. பஸ்ல இல்லாத நேரமாப் பாத்து" என்றார். பிள்ளைகள் ஏறும் கூச்சல் கேட்டது. யாரையோ உட்காரச் சொல்லி அதட்டிவிட்டு வைத்துவிட்டார்.

நாங்களாக ஜனங்களுக்குப் போன் செய்யக் கூடாது. ஒரு மசோதாவுக்குப் பரிந்து பேசியதாகிவிடும் என்று சேர்ந்த அன்றைக்கே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இது ஒன்று எழுதியே வைத்திருக்கிற விதி. வெர்னாவின் பெயரைப் பட்டியலில் தேடி, நீக்கு என்று அழுத்தினேன். கணினி காரணம் கேட்டது. ஆர்வமில்லை, மெயில்கள் அதிகம், தவறுதலாகச் சேர்க்கப்பட்டது, பிற என்று நாலு விடைகள் இருந்தன. வேண்டும், ஆனால் பயமாக இருக்கிறது என்பதற்கு அதில் இடமில்லை. கடைசியில் "பிற" என்பதைத் தொட்டு, கீழே வந்த கட்டத்தில், "இவருக்கு நான் போன் செய்வேன்" என்று எழுதி, என் பெயரைப் போட்டேன்.