மூன்றாம் கூடத்தின் சூடு

என் அண்ணன் தானியக் கிடங்கில் நச்சுப்புகை போட்டுவந்தவன். மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி, புகை கக்கும் மாத்திரை வைத்து, வண்டுகளைக் கொல்வது அவன் வேலையாக இருந்தது. ஒரு மதியம் மூன்றாம் கூடத்துக்குள் யாரோ கூப்பிடுவதாகச் சொன்னவன், முகமூடிகூட மாட்டாமல் உள்ளே ஓடினான். உள்ளே யாருமே இல்லை. அவனைத்தான் பிணமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு மூட்டை தூக்குகிறவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. பூட்டிய கூடத்தில் வண்டு புற்றீசலாய்ப் பெருகியது. நான் பூச்சி ஆராய்ச்சியில் இருப்பவள். புகையில்லாமல் ஒழித்துக் காட்டுகிறேன் என்று மேலாளரிடம் சாவியை வாங்கினேன்.

அங்கே பெருகிய ரம்பப்பல் வண்டின் வயிற்றில் ஒரு நுண்ணுயிர் குடியிருக்கிறது. தாய் முட்டையோடு கொடுத்தனுப்பும் சீதனம் அது. வண்டின் ஓடு இறுகத் தேவையான சத்தை அதுதான் ஆக்கிப் போடுகிறது. அந்த நுண்ணுயிரைக் கொல்லும் மருந்தைத் தெளித்தால் போதும். அடுத்த தலைமுறை மெல்லிய தோலோடு பிறந்து, வறண்ட காற்றிலேயே காய்ந்துபோகும்.

முதல்நாளே அண்ணியும் கூட வந்தாள். அண்ணன் விழுந்த இடத்துக்கு நேராகப் போய், அங்கிருந்த மூட்டைக்குள் கையை விட்டாள்.

"இங்க வாயேன். சூடா இருக்கு."

தொட்டுப் பார்த்தேன். உடம்புச் சூடேதான்.

"வண்டுங்க கூட்டமா இருந்தா தானியம் சூடேறும், அண்ணி."

"நீ படிச்சவ, அப்படித்தான் சொல்லுவ. அவர் சூடு எனக்குத் தெரியாதா?"

பிறகு தினமும் வந்தாள். அந்த மூட்டையில் சாய்ந்துகொண்டு, "என்னங்க, சின்னவளுக்குப் பல்லு முளைச்சிருச்சு" என்று பேசுவாள். அடுத்த வரிசையில் மருந்து தெளிக்கும் எனக்கு, அவள் நிறுத்தும் இடங்களில் காது நீளும். ஒருநாள் அண்ணன் குரலில் "ம்" என்று கேட்டது. தெளிப்பானைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தேன். அண்ணி உள்ளே பேசிக்கொண்டேதான் இருந்தாள்.

"இந்த ஒரு மூட்டைய மட்டும் விட்டுடேன்" என்று கேட்டாள்.

"ஒண்ணு விட்டா எல்லாத்துக்கும் பரவிடும். திரும்பப் புகைதான் போடுவாங்க. இன்னொருத்தர் உள்ள போவாரு."

அவள் பார்க்கப் பார்க்கத் தெளித்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புதிய வண்டுகள் சோற்றுப் பருக்கைபோல வெளிறிப்போய் வெளிவந்தன. நடக்க முடிந்தவரை நடந்து, ஓரங்களில் குவிந்து செத்தன. மூட்டைகள் ஒவ்வொன்றாகக் குளிர்ந்தன. அண்ணியின் மூட்டைதான் கடைசி.

கையை விட்டவள் சட்டென்று எடுத்துவிட்டாள். "சில்லுனு இருக்கு."

அவள் மணிக்கட்டில் உயிருள்ள ஒரு வண்டு ஒட்டியிருந்தது. அதை அவள் தட்டிவிடவில்லை.

"இதுக்கு வலிக்குமா?"

"தெரியல அண்ணி."

"அவருக்கு?"

அண்ணன் துடித்துத்தான் போனான் என்று மருத்துவர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவள் மறு கையைப் பிடித்து வெயிலுக்கு அழைத்து வந்தேன். பின்னால் கூடத்தின் கதவு திறந்தே கிடந்தது. இருவருமே அதைச் சாத்தப் போகவில்லை.