மாண்டு மீண்டவனிடம் ஒரு கேள்வி

ஓடெல் ஸ்டிரிக்லினை மண்ணுக்குள் வைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஞாயிறு ஆராதனையில் பாட்டு முடிந்து கைதட்டல் ஓயும் வேளையில் கதவைத் திறந்துகொண்டு அவன் உள்ளே வந்தான். வெயில் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் முதலில் முகம் தெரியவில்லை. தெரிந்தபோது, டிரம் வாசித்தவன் கையிலிருந்து குச்சி நழுவித் தரையில் உருண்டது. சபை முழுவதும் அந்தக் குச்சி உருளும் ஓசை கேட்டது.

கடைசி வரிசையில் அவன் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்குக் கறுப்புத் துணி போர்த்தியிருந்தோம். அவன் அதை எடுத்து மடித்து வைத்துவிட்டு அமர்ந்தான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, கண்கள் மட்டும் பெரிதாகியிருந்தன.

"ஹாலிஸ் அண்ணே, யாரு போயிட்டாங்க?" என்று என் காதருகே கேட்டான். 

"நீதான்" என்றேன். வேறு என்ன சொல்வது?

நாங்கள் 'யோர்தான் கடந்தோர்'. ஆர்க்கன்சா மலைகளில் மோட்டார் சைக்கிளில் ஊழியம் செய்யும் பெந்தெகொஸ்தே சபையார். குடியில் கிடந்தவன், சிறையிலிருந்து வந்தவன், கட்டியவளை அடித்துவிட்டு அழுதவன் என எங்களில் யாரும் வெள்ளைத் துணியாய் வந்தவர்கள் அல்லர். சபைக்குள் நுழையக் கூசுகிறவனை வண்டி நிற்கும் இடத்திலேயே சந்திப்பது எங்கள் ஊழியம். தோல் மேலங்கியின் முதுகில் சபைச் சின்னம், நெஞ்சில் அவரவர் பெயர். சின்னத்துக்கு அடியில், எண்ணெய் பூசி எல்லோரும் கைவைத்து ஜெபித்த ஒரு துண்டுத் துணியை வைத்துத் தைத்திருப்போம். அந்த மேலங்கி இன்னொருவன் உடம்பில் ஏறக்கூடாது. ஏற்றியவன் சின்னத்தை இழப்பான். இது சட்டம்.

ஓடெல் மலைக் குடிசைக்குத் தனியே உபவாசத்துக்குப் போனவன். தொலைபேசிகூட எடுத்துச் செல்லவில்லை. அவன் கிளம்பிய மறுநாள் மலையடிவார வளைவில் ஒரு வண்டி மரத்தில் மோதி எரிந்தது. முகம் மிஞ்சவில்லை, வண்டியின் எண்ணும் மிஞ்சவில்லை. மிஞ்சியது தோல் மேலங்கியின் முன்பக்கம். அதில் ஓடெல் என்ற பெயர். பெயரைப் படித்தோம், அழுதோம், புதைத்தோம்.

இப்போது அவன் மனைவி நெவா வரிசைகளுக்கிடையே மெல்ல நடந்து வந்தாள். அவன் கன்னத்தில் கை வைத்தாள். கழுத்தருகே குனிந்து மோந்து பார்த்தாள். "இவர்தான்" என்று சொல்லி அப்படியே சரிந்தாள்.

பாஸ்டர் ராய்ஸ் டாக்கெட் ஒலிவாங்கியை எடுத்தார். முன்பு கனரக லாரி ஓட்டியவர். நெஞ்சுவரை நரைத்த தாடி. "கல்லறைக் கல்லைப் புரட்டினது யாரு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவ்வளவுதான். அந்நிய பாஷை அருவியாய்க் கொட்டியது. ஆண்கள் முழங்காலில் விழுந்தார்கள். ஓடெல் வாயைத் திறந்து ஏதோ சொன்னான். அந்த இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. விழவேண்டும் என்று யாரும் விரும்பவும் இல்லை.

காவல் அலுவலர் ஒருவர் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓடெலைச் சுற்றிவந்து பார்த்தார்.

"அப்ப அந்தக் குழிக்குள்ள யாரு பாஸ்டர்?"

"யாரும் இல்ல சார்."

"தோண்டிப் பார்க்கலாமா?"

"சந்தேகம் இருக்கிறவன்தான் மண்வெட்டி எடுப்பான். உங்களுக்கு இருக்கா?"

அவருடைய தாயும் எங்கள் சபைதான். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகக் கூறிப் போனார், பிறகு வரவில்லை.

மறுநாள் ஓடெல் என் கொட்டகைக்கு வந்து, கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்தான். நான் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா, கல்லறையில சாப்பாடு சரியில்லையா? இப்படி இளைச்சிட்ட" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

"அண்ணே, மலையேறும்போது பெட்ரோல் பங்குல ஒருத்தன் வண்டியோட நின்னுட்டிருந்தான். ஆலங்கட்டி மழை. மேல வெறும் பனியன். பல்லு அடிக்கிற சத்தம் எனக்குக் கேக்குது. என் மேலங்கியைக் கழட்டிக் குடுத்துட்டேன்."

என் கையிலிருந்த எண்ணெய்க் குப்பி அப்படியே நின்றது.

"அது இன்னொருத்தன் உடம்புல ஏறக்கூடாதுன்னு சட்டம்."

"ஆமா. ரெண்டு அங்கி இருக்கிறவன் ஒண்ணைக் குடுக்கணும்னு வேதம். எனக்குக் குளிருக்கு இன்னொரு சட்டை இருந்துச்சு. எதை மீறலாம்னு பார்த்தேன். சட்டத்தை மீறினேன்."

"பேரு கேட்டியா?"

"கேக்கல அண்ணே. அவன் என் நெஞ்சுல தச்சிருந்ததைப் படிச்சான். 'நன்றி ஓடெல்'னான். நான் திருப்பிக் கேக்கல. மழையில நின்னு பேர் கேக்கணுமான்னு வந்துட்டேன்."

"நெவாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். சாவு தொட்ட மூளை கொஞ்ச நாள் குழம்புமாம், பாஸ்டர் சொன்னாராம். போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டுத் தூங்குங்கன்னா." 

அன்றே நான் பாஸ்டரிடம் போனேன். அவர் எதையும் மறுக்கவில்லை. மறுக்காததுதான் என்னைக் கலக்கியது.

"ஹாலிஸ், வண்டி ஓடிக்கிட்டிருக்கு. ஓடுற என்ஜினை ஏன் பிரிக்கிற?"

"அது பொய் பாஸ்டர்."

"நேத்து ராத்திரி நம்ம சபைப் பையன் டுவைட் போதை ஊசியைத் தூக்கி ஆத்துல எறிஞ்சான். ஏன்? செத்தவனே எழுந்துட்டான், நான் எழுந்திருக்க மாட்டேனான்னு கேட்டான். போய் அவன்கிட்ட சொல்லு, பொய்னு. சொல்லிட்டு அவன் பக்கத்துலயே உட்கார்ந்திரு, ராத்திரி முழுக்க."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் டுவைட்டின் முகமும் இருந்தது. பொய்யை உரமாகப் போட்டால் பயிர் பச்சையாகத்தான் வரும். ஆனால் அந்த வயலின் அடியில் ஒருவன் புதைந்துகிடக்கிறானே, அவனுக்குத் தாய் இல்லையா? அவன் வரவுக்காக ஏதோ ஒரு வீட்டில் விளக்கு அணையாமல் இருக்காதா? ஒரு மனிதனின் உயிரைப் பறித்தது சாலை. அவனுடைய மரணத்தையும் பறித்துக்கொண்டவர்கள் யார்? ஆராதிக்கிற நாங்கள். இதைப் பாஸ்டரின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் சன்னல் வழியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் பயணங்கள் தொடங்கின.

இரண்டு வரிசையாக, ஒன்றுவிட்டு ஒன்றாக, சீரான இடைவெளியில் ஓட்டுவது எங்கள் முறை. ஒருவன் இறந்தால் அவனுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டுக் கல்லறைவரை ஓட்டுவோம். ஓடெலுக்கும் அப்படித்தான் ஓட்டினோம். அவன் திரும்பி வந்ததும் பழைய இடத்தில், பாஸ்டருக்குப் பக்கத்தில், அவனே ஓட்டினான். வெறுமை நிரம்பியிருக்க வேண்டும் அல்லவா? நிரம்பவில்லை, ஓர் இடம் பின்னால் நகர்ந்தது. ஓடெலுக்கு அடுத்து, ஒரு வண்டி நுழையுமளவு ஓர் இடைவெளி. கடைசி வண்டி என்னுடையது. வரிசை முழுவதும் என் கண்ணுக்குத் தெரியும். பாஸ்டர் கையசைத்து நெருங்கச் சொல்வார். நெருங்குவார்கள். அடுத்த வளைவு திரும்பும்போது இடைவெளி மறுபடியும் இருக்கும்.

"ஏன்டா, முறுக்கத் தெரியாதா?" என்று டுவைட்டைக் கேட்டேன். அந்த இடைவெளிக்குப் பின்னால் ஓட்டியவன் அவன்தான்.

"முறுக்குறேன் அண்ணே. அங்க ஏற்கெனவே ஒருத்தர் ஓட்டுற மாதிரி கை தானா தளருது. இடிச்சிருவேனோன்னு பயமா இருக்கு." கையுறையைக் கழற்றிக் காட்டினான். உள்ளங்கை நனைந்திருந்தது. "நான் எதுவும் ஏத்தல அண்ணே. சத்தியமா இல்ல." 

நான் பேய் பிசாசுக் கதைகளைச் சபை மேடையிலேயே எதிர்த்துப் பேசியவன். ஆனாலும் சொல்கிறேன்: ஆவணி வெயிலில், காய்ந்து வெளிறிய தார்ச்சாலையில், அந்த இடைவெளி கடந்துபோன தடத்தில் நான் போனபோது என் தலைக்கவசக் கண்ணாடியில் நீர்த்துளிகள் தெறித்தன. துடைத்தேன். விரல் விறைக்கும் குளிர்ச்சி.

ஓடெலும் மாறினான். முதலில் மேடையேறினால் தலைகுனிந்து நிற்பான். பாஸ்டர் பேசுவார், கூட்டம் அவன் கையைத் தொட்டுப் போகும். பிறகு, அங்கே எப்படி இருந்தது என்று நோயாளிகள் கேட்கத் தொடங்கினார்கள். ஒருநாள் அவன் பதில் சொன்னான்.

"அங்க குளிருது" என்றான். "மழை பெய்யுது. ரோடு தெரியல. யாரோ குடுத்த சட்டை, கதகதப்பா இருக்கு. அப்புறம் வெளிச்சம்."

கூட்டம் அல்லேலூயா என்றது. அது கற்பனையாகச் சொல்லும் குரலாக இல்லை. இறங்கி வந்தவனை ஓரமாக இழுத்து, "யார் உனக்கு இதைச் சொன்னது?" என்றேன்.

"தெரியல அண்ணே. வாயைத் திறந்தா அதுதான் வருது. நெவா என்னைத் தொட்டாக்கூட, வேற யாரையோ தொடுற மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் போனா நான் எவன்னு எனக்கே தெரியாமப் போயிரும்." 

இலையுதிர்காலத்தில் ஆற்றோரத் திடலில் வண்டிகளின் பெருங்கூட்டம் கூடும். சாராய வாடையும் கரிப்புகையும் மிதக்கும் அந்தத் திடலின் ஓரத்தில் எங்கள் கூடாரம். காபியும் தண்ணீரும் மக்காச்சோள ரொட்டியும் இலவசம். விரும்பியவர்களின் வண்டி விளக்கில் எண்ணெய் தொட்டு ஜெபிப்போம். கேலி செய்கிறவர்களும் வருவார்கள்.

"பாஸ்டர், எண்ணெய் தடவினா மைலேஜ் கூடுமா?" என்றான் ஒரு தடியன்.

"கூடாது. ஆனா நீ எங்க போறேன்னு உனக்குத் தெரியும்" என்றார் பாஸ்டர். அவன் சிரித்துக்கொண்டே தலைகுனிந்து நின்றான். அந்த மனிதரின் வரத்தை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

பிற்பகலில் ஓடெல் மேடையேறினான். மேடை என்பது ஒரு திறந்த இழுவை வண்டி. அவன் பேச வாயெடுக்குமுன், முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஐம்பது வயதிருக்கும், தொழிற்சாலைச் சீருடை, கலைந்த முடி. கையில் ஒரு புகைப்படம்.

"ஐயா, என் பேரு ட்ரூடி. மிசூரியிலிருந்து வர்றேன். நீங்க செத்துப்போய்த் திரும்பி வந்தவர்னு சொன்னாங்க."

ஓடெல் தலையசைத்தான்.

"என் தம்பி வசந்தகாலத்துல வண்டி எடுத்துட்டுப் போனவன். இருக்கானா இல்லையான்னு தெரியல. போலீஸு, ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்தாச்சு. எங்கம்மா சாப்பாட்டுத் தட்டை எடுக்கவே விடமாட்டேங்குது. நீங்க அங்க போனவரு." அவள் படத்தை உயர்த்தினாள். "அங்க என் தம்பியைப் பார்த்தீங்களா? இல்லன்னு சொன்னாக்கூடப் போதும். உயிரோட இருக்கான்னு எடுத்துக்குவோம்."

திடலில் அத்தனை எந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. ஓடெல் குனிந்து படத்தை வாங்கினான். பார்த்தான். அவன் முகம் வெளிறுவதை நான் கண்டேன்.

பாஸ்டர் அவன் தோளில் கை வைத்தார். "அம்மா, நாம ஜெபம் பண்ணுவோம்" என்றார்.

ஓடெல் அந்தக் கையை மெல்ல எடுத்து விலக்கினான். 

"நான் சாகல" என்றான் ஒலிவாங்கியில். "நான் மலைமேல பட்டினி கிடந்து ஜெபம் பண்ணிட்டிருந்தேன். செத்தது உங்க தம்பி. பெட்ரோல் பங்குல குளிர்ல நின்னான், என் மேலங்கியைக் குடுத்தேன். அது மேல என் பேரு. அவனை என் பேருல புதைச்சிட்டாங்க. தெரிஞ்சும் நான் இந்த மேடையில நின்னேன்." 

யாரோ மின்னாக்கியை நிறுத்தினார்கள். ஒலிவாங்கி செத்தது. ஓடெல் வெறுங்குரலில் அதையே இன்னொருமுறை சொன்னான், பின்வரிசைவரை எட்டும்படி. சிலர் எழுந்து போனார்கள். நெவா முகத்தை மூடிக்கொண்டாள். டுவைட் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நான் போய் அவன் அருகில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் அழவில்லை.

"அடக்கத்துக்குக் கூட்டம் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"மூணு மாநிலத்துல இருந்து வந்தாங்கம்மா" என்றேன் நான்.

"ஜெபம் பண்ணீங்களா?"

"பண்ணோம். எல்லாம் இவர் பேரைச் சொல்லி."

"அப்போ அவன் பேரைச் சொல்லி யாருமே பண்ணலையா?"

ஓடெல் மேடையிலிருந்து இறங்கி வந்து படத்தை அவளிடம் கொடுத்தான்.

வெயில் சாய்வதற்குள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். வந்தவர்கள் சிலரே. பாஸ்டரும் வந்தார்; யாரும் அழைக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. கல்லில் ஓடெலின் பெயர் வெட்டப்பட்டிருந்தது. அவள் அதன் முன் நின்று அந்நியப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

புதைத்த இடத்தில் இறந்தவன் பெயரை மூன்றுமுறை உரக்க அழைப்பது எங்கள் வழக்கம். மூன்றாம் அழைப்புக்கும் மறுமொழி இல்லையென்றால், அவன் அக்கரை சேர்ந்தான் என்று பொருள். இதை அவளுக்கும் சொன்னேன். வசந்தத்தில் ஓடெலின் பெயரை அழைத்தோம். உயிரோடிருந்தவனின் பெயருக்கு அந்த மண் எப்படி மறுமொழி தரும்?

"பேரு என்னம்மா?" என்று ஓடெல் கேட்டான். அன்று மழையில் கேட்காத கேள்வி.

"ஆர்லிஸ்."

ஓடெல் தலைக்கவசத்தைக் கழற்றி மண்ணில் வைத்துவிட்டு அழைத்தான்: "ஆர்லிஸ்." காற்று நின்றது. தோட்டத்துக் கேதுரு மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை.

இரண்டாவது அழைப்பைப் பாஸ்டர் விடுத்தார். குரல் நடுவில் உடைந்தது. அந்த அழைப்பு முடிந்ததும், எங்கள் எல்லோருக்கும் பின்னால், சரளைக்கல் பாதையில் ஒருவன் காலூன்றி வண்டியை நிறுத்துவதுபோல் ஓர் ஓசை கேட்டது. யாரும் திரும்பவில்லை. டுவைட் என் கையை இறுக்கினான். 

ஓடெல் மூன்றாம் முறைக்கு மூச்சை இழுத்தபோது அவள் அவன் வாயைத் தன் கையால் பொத்தினாள்.

"வேணாம்" என்றாள். "மூணாவதை எங்கம்மா கூப்பிடட்டும். காலையில கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் அவன் இங்கயே நிக்கட்டும்."